கைக்கு பலம் வேண்டாம், கத்திக்குக் கூர் வேணும்!

மரத்தில் பூ வேலை என்றாலே ஆசாரிமார் சமாச்சாரம் என்று ஒதுங்கி விடுகிறோம். ஆசாரி வீட்டுப் பெண்களான எங்கள் கைக்கே உப்புத்தாளும் வார்னிஷும்தான் வரும். என் மாமனாருக்குக் கண் மங்கிய பிறகு, அஞ்சறைப் பெட்டி மூடியில் பூப் போட வீட்டில் ஆள் இல்லை. அவரிடமே கேட்டுக் கேட்டு நான் பழகிக் கொண்டேன். காய் நறுக்கத் தெரிந்த எல்லாருக்கும் இது வரும் தோழிகளே!

உளியும் கொட்டாப்புளியும் தேவையில்லை. கூர்முனையுள்ள சின்னக் கத்தி போதும். பலகையில் பென்சிலால் முக்கோணங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் கத்தியைச் சாய்த்து மூன்று பக்கமும் கீற வேண்டும். மூன்று கீறலும் நடு ஆழத்தில் சந்தித்தால் சில்லு தானாகப் பெயர்ந்து வரும். வராவிட்டால் நெம்பாதீர்கள், கத்தி முனை ஒடியும். அதே கீறலில் இன்னொரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும்.

பிசிறில்லாமல் வர சில குறிப்புகள்:

* சாணைக்கல்லில் தீட்டிய பின், பழைய தோல் பெல்ட்டில் கத்தியைப் பின்பக்கமாகப் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். வேண்டாத கட்டையில் ரேகைக்குக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டு பளபளவென்று இருந்தால் சரி. பஞ்சு மாதிரி இருந்தால் இன்னும் தீட்டணும். "கைக்கு பலம் வேணாம்த்தா, கத்திக்குக் கூர் வேணும்" என்பார் மாமா. மழுங்கின கத்தியைத்தான் அழுத்துவோம். அழுத்தும்போதுதான் வழுக்கிக் கையை வெட்டும். இடது கை விரல் கத்தி போகும் வழியில் இருக்கவே கூடாது.

* மர ரேகை பூனை முடி மாதிரி. ஒரு பக்கம் தடவினால் படியும், எதிர்ப் பக்கம் தடவினால் சிலிர்க்கும். நார் கிளம்பினால் பலகையைத் திருப்பி மறுமுனையிலிருந்து வெட்டுங்கள்.

* உப்புத்தாள் தேய்ப்பதைச் செதுக்கும் முன்பே முடித்து, தூசியைத் துடைத்து விடுங்கள். பிறகு தேய்த்தால் பூவின் விளிம்பெல்லாம் மழுங்கிப் போகும்.

* பழகுவதற்கு வெட்பாலை மரம் நல்லது. கர்நாடகத்துச் சென்னபட்டணம் பொம்மைகளுக்குப் பேர் போன மரம் அது.

* முடித்ததும் கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். மாமா இப்போதும் பிசிறு எங்கே இருக்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்.

நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-லும், பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் கிடைத்தால் மட்டும் போதுமா? தொழில் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே மகளும் மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக் கொள்ள வேண்டாமா?

– ஒரு வாசகி, நத்தம்.