ஹெல்மெட்டுக்குள் செருகிய போன்

உங்களுக்குத் தெரியுமா?

மயிலாப்பூர் லஸ் கார்னர் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் தலைகள் குனியும். ஒருவர் போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிக்கொள்வார்: "ஆங், சொல்லுங்க, வண்டியிலதான் இருக்கேன்." இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தானே இருக்கிறது என்று அவருக்கு ஒரு சமாதானம்.

சிக்கல் கையில் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் சக ஆய்வாளரும் 2001-இல் வெளியிட்ட சோதனையில், போனில் பேசியபடி இருந்தவர்கள் மாதிரி சிக்னல்களை இரண்டு மடங்கு தவறவிட்டார்கள். போனைக் கையில் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை.

பேச்சு முடிந்தால் கவனம் உடனே திரும்பிவிடுமா? அங்கேயும் ஒரு வில்லங்கம். காரில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப 27 விநாடி வரை பிடிக்கலாம் என்று 2015-இல் அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வு கண்டது. 40 கி.மீ. வேகத்தில் அது 300 மீட்டர்: கபாலி கோயில் தெப்பக்குளத்தின் நீளக் கரையை முழுக்கத் தாண்டி, அடுத்த கரையிலும் பாதிக்கு மேல். மாட வீதியில் ஏது 40 என்று மயிலாப்பூர்க்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. சரி, 20 என்றே வையுங்கள். 150 மீட்டர். அதற்குள் பூக்கடை, காய்கறிக்கடை, கூடையோடு குறுக்கே வரும் ஒரு பாட்டி.

2020 அக்டோபர் 1 முதல், வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது மத்திய விதி. அதுவும் கவனம் சிதறாதபடி. மீறினால் தமிழ்நாட்டில் முதல் முறை அபராதம் 1,000 ரூபாய். மறுபடி சிக்கினால் 10,000.