9 ஏக்கரில் மகளுக்கு எவ்வளவு?

அப்பாவுக்குக் கருமாதி முடிந்து மூன்று நாள் ஆகிறது. வந்திருந்த உறவினர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். கட்டிக்கொடுத்த மகள் மட்டும் இருக்கிறாள். அவளும் சாயங்கால பஸ்சுக்குப் புறப்பட வேண்டும்.

அண்ணன் வருகிறார். கையில் ஒரு பத்திரம்.

"ஒன்றும் இல்லை, தங்கச்சி. பத்திர ஆபீசு வரை வந்துவிட்டுப் போ. ஒரு கையெழுத்துதான். பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்."

மகள் அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா தரையைப் பார்க்கிறாள்.

அந்த நிலத்தில் அவள் களை எடுத்திருக்கிறாள். நாற்று நட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பாவுக்குக் கஞ்சிக் கலயம் சுமந்து வரப்பு வழியே நடந்திருக்கிறாள். எந்த வரப்பு எங்கே வளைகிறது என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் அவளுக்குத் தெரியும்.

"சரி அண்ணா" என்கிறாள். கையெழுத்துப் போடுகிறாள். பஸ் ஏறுகிறாள்.

இது ஒரு ஊரில் ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. நம் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சி. இதைப் படிக்கும் பெண்களில் பலர், "இது என் கதை" என்று சொல்லக்கூடும்.

அவள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. அதன் பொருள் என்ன? "இந்த நிலத்தில் எனக்கு உள்ள பாகத்தை விட்டுவிட்டேன். இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்பதுதான்.

அவளுக்குப் பாகம் உண்டா? உண்டு என்றால் எவ்வளவு? முதலில் ஒரு வழக்கின் கதையைப் பார்ப்போம்.

ஏலத்தில் வாங்கிய நிலம்

1938-ம் ஆண்டு. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் அண்ணன்-தம்பி இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கோர்ட்டு ஏலத்தில் நிலம் வாங்கினார். அது அவர் சொந்தமாகத் தேடிய சொத்து.

அவருக்கு ஒரே ஒரு மகள். மகன் கிடையாது. அவருடைய சகோதரருக்கு ஐந்து பிள்ளைகள். மகன் ஒருவர், மகள்கள் நான்கு பேர்.

நிலம் வாங்கியவர் இறந்தார். அவருடைய மகளும் 1967-ல் குழந்தை இல்லாமல் இறந்துவிட்டார். அப்படியானால் நிலம் யாருக்கு?

"எல்லாம் எங்களுக்கே" என்றது சகோதரரின் மகன் குடும்பம். "எங்களுக்கும் சம பாகம் உண்டு" என்று சகோதரரின் மகள்களில் ஒருவர் 1991-ல் வழக்குப் போட்டார். ஐந்தில் ஒரு பாகம் கேட்டார்.

வழக்கில் ஒரு கேள்வி பெரிதாக எழுந்தது. நிலம் வாங்கியவர் எந்த ஆண்டு இறந்தார்? 1957 என்றது ஒரு தரப்பு. 1949 என்றது மறு தரப்பு.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இதில்தான் எல்லாம் இருக்கிறது! இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு இறந்தார் என்றால் மகளுக்குச் சொத்து உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. அதற்கு முன்பு இறந்தார் என்றால்? பழைய முறைப்படி ஆண் வழியிலேயே நிலம் போகும் என்று வாதாடினார்கள்.

1949-தான் என்று கீழ்க்கோர்ட்டு முடிவு செய்தது. 1994-ல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2009-ல் சென்னை ஐகோர்ட்டும் அதையே சொன்னது. வழக்கு டெல்லிக்குப் போனது.

2022-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் அப்துல் நசீர், கிருஷ்ண முராரி ஆகியோர் பழைய தர்ம சாஸ்திர நூல்களையும் உரைகளையும் எடுத்து ஆராய்ந்தார்கள். ஒருவர் சொந்தமாகத் தேடிய சொத்தில், மகன் இல்லாதபோது மகளுக்கு உரிமை உண்டு என்று பழைய முறையிலேயே இருக்கிறது என்றார்கள். அவர் 1949-ல் இறந்திருந்தாலும் நிலம் மகளுக்கே வந்தது. சகோதரரின் மகனுக்குப் போகவில்லை.

அந்த மகள் 1967-ல் இறந்தபோது 1956-ம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்தது. ஆகவே அவருடைய அப்பாவின் வாரிசுகளுக்கு நிலம் போக வேண்டும். சகோதரரின் ஐந்து பிள்ளைகளுக்கும் சம பாகம். ஆண் என்றும் பெண் என்றும் வேற்றுமை இல்லை.

பெண்கள் ஜெயித்தார்கள். ஆனால் எத்தனை ஆண்டுகள்! வழக்குப் போட்டு 31 ஆண்டுகள். சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பின் தலைப்பைப் பார்த்தால் மனம் கனக்கிறது. மேல்முறையீடு செய்தவர் பெயருக்குப் பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று போட்டிருக்கிறது. அவருடைய வாரிசுகளிடம்தான் தீர்ப்பு வந்து சேர்ந்தது.

இருவகைச் சொத்து

சொத்து இரண்டு வகை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது ஒன்று. பாட்டன், பூட்டன் வழியாக வந்த பூர்வீகச் சொத்து இன்னொன்று.

சம்பாதித்த சொத்தை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் எழுதாமல் இறந்தால், 1956-ம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோரும் சம பாகம் பெறுவார்கள்.

பூர்வீக நிலத்தில்தான் மகளை ஒதுக்கினார்கள். அதில் மகனுக்குப் பிறந்த உடனேயே பங்கு உண்டு. மகளுக்கு அப்படி இல்லை. அப்பாவின் பங்கில் மட்டும் ஒரு சிறு பாகம் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள்

9 ஏக்கர் பூர்வீக நிலம். அப்பா, இரண்டு மகன்கள், ஒரு மகள். அம்மா முன்பே இறந்துவிட்டார். அப்பா உயில் எழுதவில்லை.

பழைய கணக்கில் அப்பாவும் இரண்டு மகன்களும் மட்டுமே பங்காளிகள். ஆளுக்கு 3 ஏக்கர். அப்பா இறந்ததும் அவருடைய 3 ஏக்கரை மூன்று பிள்ளைகளும் பிரிப்பார்கள். ஆளுக்கு 1 ஏக்கர். ஆக, மகன்களுக்கு 4 ஏக்கர் வீதம் 8 ஏக்கர். மகளுக்கு 1 ஏக்கர்!

இப்போதைய கணக்கில் மகளும் பங்காளி. அப்பாவும் மூன்று பிள்ளைகளுமாக நான்கு பேர். ஆளுக்கு 2¼ ஏக்கர். அப்பாவின் 2¼ ஏக்கரை மூன்று பிள்ளைகளும் பிரித்தால் ஆளுக்கு ¾ ஏக்கர். ஆக, மூன்று பேருக்கும் 3 ஏக்கர் வீதம் வருகிறது.

அம்மா உயிரோடு இருந்தால் அப்பாவின் பங்கில் அவருக்கும் ஒரு பாகம் உண்டு.

ஒரு ஏக்கர் மூன்று ஏக்கர் ஆனது எப்படி? அது தானாக வந்துவிடவில்லை.

தையும் வைகாசியும்

1929-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெரியார் கூட்டிய அந்த மாநாட்டில், பெண்களுக்கும் ஆண்களைப்போல் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

டாக்டர் அம்பேத்கர் சட்ட மந்திரியாக இருந்தபோது, இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகப் போராடினார். அது நிறைவேறாமல் இழுபட்டது. 1951-ல் அவர் பதவியை விட்டே விலகினார். அந்த மசோதாவின் ஒரு பகுதிதான் பிறகு 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமாக வந்தது. அதிலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம இடம் கிடைக்கவில்லை.

அந்தக் குறையைத் தமிழ்நாட்டில் தீர்த்தது கருணாநிதி முதல்-மந்திரியாக இருந்தபோது வந்த திருத்தச் சட்டம். 1989-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே சம பங்கு என்று அது சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு இந்த உரிமை இல்லை.

ஒரே வீட்டில் அக்காளும் தங்கையும் இருந்தால் என்ன ஆகும்? அந்த ஆண்டு தை மாதம் தாலி கட்டிக்கொண்ட அக்காளுக்குப் பங்கு இல்லை. வைகாசியில் கட்டிக்கொண்ட தங்கைக்குப் பங்கு உண்டு. ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்குள் இப்படி ஒரு கோடு!

2005-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி மத்திய அரசாங்கத்தின் திருத்தம் அமலுக்கு வந்தது. அந்தக் கோடு அழிந்தது. கல்யாணம் ஆன பெண்ணுக்கும், ஆகாத பெண்ணுக்கும், நாடு முழுவதும் ஒரே உரிமை. ஆனால் 2004-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறைப்படி விற்ற நிலத்தையும், பாகம் பிரித்த நிலத்தையும் திரும்பக் கேட்க முடியாது.

"2005-ல் அப்பா உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்கு" என்று பிறகு ஒரு வாதம் கிளம்பியது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். மகளின் உரிமை பிறப்பால் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை என்றார்கள். "வாய்மொழியாக அன்றைக்கே பிரித்துவிட்டோம்" என்று வெறுமனே சொன்னால் போதாது, அதற்கு உறுதியான ஆதாரம் வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இவை இந்துக்களுக்கான சட்டம். கிறிஸ்தவக் குடும்பங்களில் உயில் இல்லை என்றால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் சட்டத்தில் மகன் பங்கில் பாதி மகளுக்கு உண்டு. ஆக, எந்த மதத்திலும் "மகளுக்கு ஒன்றும் இல்லை" என்று சட்டம் சொல்லவில்லை.

பிறகு ஏன் கேட்பதில்லை?

2015-16-ம் ஆண்டு நாடு முழுவதும் விவசாயக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் நிலத்தை வைத்துப் பயிரிடுவோர் 100 பேரில் பெண்கள் 14 பேர்கூட இல்லை. நடவு நடுவதும் களை எடுப்பதும் பெண்கள்தான். கணக்கில் மட்டும் இல்லை.

சட்டம் தெரிந்த பெண்கூட வாய் திறப்பதில்லை. காரணம் பயம்தான். "பாகம் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும். என் பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டாமா? நாளைக்குப் புருஷன் வீட்டில் ஒரு சண்டை வந்தால் நான் எங்கே போவேன்?" நிலத்துக்கு ஆசைப்பட்டு அண்ணன் தம்பியை இழக்க அவளுக்கு மனம் இல்லை.

அண்ணன் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "நகை போட்டோம். சீர் செய்தோம். கல்யாணக் கடனை நான்தான் அடைத்தேன். கடைசிக் காலத்தில் அப்பா அம்மாவைப் பார்த்ததும் நான்தான். இருபது வருஷம் இந்த மண்ணில் உழைத்தவன் நான்" என்கிறார் அவர்.

உழைப்புக்கு மதிப்பு உண்டு. கடனுக்கும் கணக்கு உண்டு. அவற்றை நடுவில் வைத்துப் பேசலாம். ஆனால் சீர் வேறு, பாகம் வேறு. கல்யாணத்தில் கொடுத்த பணமும் பாத்திரமும் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. அவள் பெயரில் நிற்பது எது? கணவன் இறந்தாலும் கைவிட்டாலும், ஒரு ஏக்கர் அவள் பெயரில் இருந்தால் அவள் யாரிடமும் கை ஏந்த வேண்டியதில்லை.

பிரிக்க வழியா இல்லை? தங்கை வெளியூரில் இருந்தால் அவள் பாகத்தை அண்ணனே குத்தகைக்குப் பயிரிடலாம். நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மொத்தமாக முடியாவிட்டால் தவணையில் கொடுக்கலாம். தங்கை மனம் உவந்து விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. ஆனால் அவள் விட்டுக்கொடுப்பது வேறு. பஸ்சுக்கு நேரமாகிறது என்று கையெழுத்து வாங்குவது வேறு.

பெண்கள் கவனிக்க

எந்தப் பத்திரத்தையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்களா? பரவாயில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் மெதுவாகப் படியுங்கள். "விடுதலை" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். துக்க வீட்டில் அவசரம் வேண்டாம்.

அப்பா இறந்தால் தாசில்தார் ஆபீசில் வாங்கும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திர ஆபீசில் வில்லங்கச் சான்று எடுத்தால் நிலம் கைமாறியதா என்பது தெரியும்.

வருஷக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள். குடும்பச் சொத்தில் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. இதற்கு வருமானக் கணக்குப் பார்ப்பதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.

ஆனால் கோர்ட்டுக்குப் போவது கடைசி வழி. 31 ஆண்டு நடந்த வழக்கின் கதையை மேலே படித்தீர்கள். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அது அப்பாக்களின் கையில் இருக்கிறது.

பெற்றவர்களே! கண் மூடிய பிறகு பிள்ளைகள் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே மகன்களையும் மகள்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். யாருக்கு எந்த வயல், யார் எந்தக் கடனைக் கட்டுவது, அம்மா யாரோடு இருப்பது, எல்லாவற்றையும் பேசி எழுத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

அப்படிச் செய்த வீட்டில் கருமாதி முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் பத்திரத்தோடு வரமாட்டார். தங்கையைப் பஸ் ஏற்றிவிடத்தான் வருவார். அவர் கையில் ஒரு பை இருக்கும். அதில் நம் நிலத்து அரிசி இருக்கும்.