பாய்க்கப்பல் கவிழாமல் நிற்பது எப்படி?

ஒரு வெறும் சோதனைக் குழாயை வாளித் தண்ணீரில் நிமிர்த்தி விடுங்கள். உடனே படுத்து, நீர் குடித்துவிடும். அதன் அடியில் சில ஈயக் குண்டுகளைப் போட்டு விட்டால் நிமிர்ந்து மிதக்கும். விரலால் சாய்த்தாலும் மீண்டும் எழும். பெரும்பாக்கத்தில் மாணவர் சிலருக்கு இதைக் காட்டியபோது ஒரு சிறுவன், "அப்படியானால் சரக்கில்லாத தோணிதான் கவிழுமா, சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

கலத்தின் எடை ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி இயங்குகிறது. நீரின் மேலுதைப்பு, மூழ்கிய பகுதியின் மையத்தின் வழியே மேல்நோக்கி இயங்குகிறது. கலம் சாயும்போது, சாய்ந்த புறம் அதிகம் மூழ்குவதால் மேலுதைப்பின் மையம் அப்பக்கம் நகர்கிறது. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் இவ்விரு விசைகளும் கலத்தை நிமிர்த்தும் இரட்டையாக அமையும். மிக உயர்ந்துவிட்டாலோ எடையின் கோடு மேலுதைப்பின் கோட்டைத் தாண்டிவிடும். அந்த இரட்டையே கலத்தைக் கவிழ்க்கும். பாய்க்கலத்தில் காற்று வேறு உயரத்தில் பிடித்துத் தள்ளுகிறது. ஆகவேதான் சரக்கின்றித் திரும்பும் பாய்க்கலங்கள் அடித்தளத்தில் கல்லோ மணலோ ஏற்றிக்கொண்டன.

சுவீடன் நாட்டின் 'வாசா' போர்க்கப்பலிலும் அடியில் கற்கள் இருந்தன. ஆனால் மேலே 64 பீரங்கிகளுக்கு அவை போதவில்லை. கப்பல் புறப்படுமுன் 30 பேரை மேல்தளத்தில் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் பயங்கரமாக ஆடவே சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை! 1628 ஆகஸ்டு 10 அன்று, ஏறக்குறைய 1,300 மீட்டர் சென்றதும், ஒரு காற்று வீச்சில் சாய்ந்தது. பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. சுமார் 30 உயிர்கள் போயின.

நம் பக்கத்துக் கலம் ஒன்றையும் பாருங்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' 89 அடி நீளமுள்ள, இரு பாய்மரக் கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாகச் செலுத்தி, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர்.

பாக்கு நீரிணையின் சிறு வள்ளங்களில் இன்னொரு உத்தி உண்டு. குறுக்கே ஒரு நீண்ட பலகையை நீட்டி, காற்று வரும் பக்கத்தில் ஆட்கள் அதன்மேல் அமர்வார்கள். காற்று வலுத்தால் இன்னும் வெளியே நகர்வார்கள். 60 கிலோ எடையுள்ளவர் நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி அமர்ந்தால், 1 மீட்டரில் 120 கிலோ வைத்ததற்குச் சமம். விசையும் தூரமும் பெருகும் திருப்புத்திறன்தானே இது!

சிறுவனின் கேள்விக்கு வருவோம். வெறுங்கலம் மட்டுமன்று, மேல்தளத்தில் மூட்டைகளைக் குவித்த கலமும் கவிழும். அவன் மறுநாள் குண்டுகளைக் கொட்டிவிட்டு, குழாயின் வாயைக் களிமண் உருண்டையால் அடைத்துக்கொண்டு வந்தான். வாளியில் விட்டோம். தலைகீழாகப் போயிற்று.