புதிய இணைய முகவரி: முதலில் தயாராக வேண்டியவர்கள் யார்?

இணையத்தில் இணையும் கருவிகளுக்கு முகவரி வேண்டும். பழைய ஐபிவி4 முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. அவற்றின் உலகக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், இலங்கையும் அடங்கும் ஆசிய பசுபிக் வலயம் பங்கீட்டு முறைக்கு மாறியது. இதற்கான தீர்வே ஐபிவி6.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவினருக்குப் பயிற்சியளிக்கும்போது நான் முதலில் சொல்வது இதுதான்: மாற்றத்தன்று இணையம் முற்றாக நின்றுவிடாது. இரு முறைகளும் அருகருகே இயங்குவதால், ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு தாங்கும். எனவே, "சில தளங்கள் திறக்கின்றன, சில திறக்கவில்லை, கனடாவில் இருக்கும் மகனோடு கதைக்க முடியவில்லை" என்றே முறைப்பாடு வரும்.

எந்தப் பாதை பழுது என்பதைக் கேட்டறிய அவர்கள் பழக வேண்டும். உதாரணமாக, எஃப்ஈ80 எனத் தொடங்கும் ஐபிவி6 முகவரி மட்டும் இருந்தால், அந்தக் கருவி வீட்டு வலையமைப்புக்குள்தான் பேசும். வெளியே செல்லும் ஐபிவி6 முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். "ஐபிவி6ஐ நிறுத்திவிடுங்கள்" என்பது பழுதை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

ஆகவே, புதிய முறையை முதலில் உதவிப் பிரிவினரின் கணினிகளிலேயே இயக்குங்கள். கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள். தொலைவில் உள்ள உறவுகளோடு இணையத்தால் மட்டுமே பேசும் குடும்பங்களுக்கு, தெளிவான ஒரு பதில் பெரிய உதவி.