பாதத்திற்கேற்ற சப்பாத்து

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. அச்சிரசையும் ஏனைய உறுப்புக்களையும் நாள் முழுதும் சுமந்து திரியும் பாதங்களை நாம் நினைப்பது, அவை நோவெடுக்கும் வேளையில் மாத்திரமே. திருவடியைப் போற்றும் சமயத்தைச் சார்ந்தோம். பெரியோரின் பாதம் தொட்டு வணங்குகின்றோம். இராமபிரானின் பாதுகையை அரியணையில் ஏற்றிப் பரதன் நாடு காத்த கதையைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தோம். எனினும், நம் பாதம் எத்தகையது, அதனை மூடும் சப்பாத்து எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பவற்றை எண்ணிப் பார்ப்போர் நம்முள் மிகச் சிலரே. கல்லூரியின் யூபிலி மலரில் சப்பாத்திற்கும் இடமுண்டோ என எவரேனும் வினவின், வன்னியிலுள்ள ஒரு கல்லூரியின் மலரில் அதற்குக் கட்டாயம் இடமுண்டு என்றே விடை கூறுவோம்.

பாதத்தின் அருமையை வன்னி மண் நன்கறியும். 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரும், அது விட்டுச்சென்ற மிதிவெடிகளும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் எத்தனையோ பேரின் கால்களைக் கவர்ந்தன. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசெம்பரிலேயாம். இன்று அதே ஊர்களில் ஓசையின்றிக் கால்களைக் கவரும் மற்றொரு பகை உண்டு; அது நீரிழிவு. வெடியால் இழந்த காலை மீட்க இயலாது. நீரிழிவாளரின் காலையோ பெரும்பாலும் காத்துக்கொள்ள இயலும். அக்காவலில் மருந்திற்கும் உணவிற்கும் அடுத்ததாக நிற்பது, காலில் அணியும் சப்பாத்தும் செருப்புமே.

பாதமும் அதன் இயல்பும்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள. அவை வில் போல் வளைந்து, தசைநார்களாற் பிணைக்கப்பட்டு, உடலின் பாரத்தைக் குதிக்கும் முன்பாதத்திற்கும் பகிர்ந்தளிக்கின்றன. நிற்கும்போது பாதம் நீண்டும் அகன்றும் விரிகின்றது, இருக்கும்போது சுருங்குகின்றது. காலையில் இருந்த அளவினும் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் விரல்களின் அடிமூட்டில் மடிந்து நிமிர்கின்றது. ஆகவே பாதம் ஒரே அளவில் நிலைத்து நிற்கும் பொருளன்று. அசைந்தும் மாறியும் இயங்குவது. சப்பாத்தை வகுப்போர் முதற்கண் உணர வேண்டிய உண்மை இதுவாகும்.

சிறுவரின் பாதமோ இன்னும் மென்மையானது. பிறக்கும்போது அதன் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே இருக்கும். முற்றாக எலும்பாவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் வரை செல்லும். குருத்தெலும்பு அழுத்தத்திற்கு இணங்கி வளையும். ஆதலின், இறுகிய சப்பாத்து வளர்ந்தோருக்கு நோவைத் தரும். சிறுவருக்கோ நோவையும் தராது பாதத்தின் உருவையே மாற்றிவிடும்.

சப்பாத்து பாதத்தை நோக்கி வந்த கதை

சப்பாத்து என்னும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நம் மொழிக்கு வந்தது. அதனை நமக்குத் தந்த ஐரோப்பாவிலேயே நெடுங்காலம் வலக்காலுக்கும் இடக்காலுக்கும் வேறுபாடின்றி ஒரே வடிவிற் சப்பாத்துச் செய்தனர். 1781 ஆம் ஆண்டில் ஒல்லாந்த மருத்துவ அறிஞர் பெத்துருசு காம்பர், சிறந்த சப்பாத்தின் வடிவம் எது என்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் சூரிச் நகரத்து உடற்கூற்று அறிஞர் எர்மன் வொன் மேயர், இயல்பான பாதத்தில் பெருவிரலின் நடுக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது குதியின் நடுவைச் சென்றடையும் என்று எடுத்துக்காட்டினார். கூரிய முனையுள்ள சப்பாத்து இக்கோட்டை முறிக்கின்றது. பெருவிரலை உள்ளே சாய்த்து, அதன் அடிமூட்டைப் புடைக்கச் செய்கின்றது.

சப்பாத்துத் தொழிலில் மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ செய்த பாத அச்சு ஒன்றுண்டு. சப்பாத்தின் உள்வெளி முழுவதும் அவ்வச்சின் உருவமேயாகும். அச்சு எவர் பாதத்தைப் பார்த்து வார்க்கப்பட்டதோ, சப்பாத்தும் அவர் பாதத்திற்கே பொருந்தும். நம் கடைகளிற் காணும் இலக்கங்கள் பிரித்தானிய அளவையோ ஐரோப்பிய அளவையோ தழுவியவை. பிரித்தானிய முறையில் ஓர் இலக்கம் என்பது ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர். அவ்விலக்கம் நீளத்தை மாத்திரமே கூறும், அகலத்தைக் கூறாது. இந்தியாவில் 2021 டிசெம்பர் முதல் 2022 மார்ச் வரை, 79 இடங்களில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்தனர். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிகழ்த்திய அவ்வாய்வில், இந்தியரின் பாதம் பொதுவில் ஐரோப்பியரின் பாதத்தினும் அகன்றது எனக் கண்டனர். அதன்மேல் 'பா' என்னும் பெயரில் புதியதோர் அளவுமுறை 2024 இல் முன்வைக்கப்பட்டது. அகலம் போதாதவிடத்து நீளத்தைக் கூட்டி வாங்குதல் நம்மவர் வழக்கம். அவ்வாறு வாங்கிய சப்பாத்தில் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும், குதி உராயும், மடிய வேண்டிய இடத்திற் சப்பாத்து மடியாது.

மேற்பாகத்தின் அமைப்பு

சப்பாத்தை அடிப்பாகம், மேற்பாகம் என இரண்டாகப் பகுக்கலாம். நிலத்தின் தாக்குதலை ஏற்பது அடிப்பாகம். பாதத்தை அடியோடு பிணைத்து நிறுத்துவது மேற்பாகம். அடிப்பாகம் எத்துணைச் சிறந்ததாயினும், மேற்பாகம் பிழைத்தால் சப்பாத்துப் பிழைத்ததே.

மேற்பாகத்தை வெட்டுவது தையற்கலை போன்றது. பாத அச்சின்மேல் ஒட்டுத்தாளைச் சுற்றி ஒட்டி, அதிற் கோடுகள் வரைந்து, பின் உரித்துத் தட்டையாக விரிப்பர். வளைந்த உருவம் தட்டையாகும்போது சில இடங்கள் மடியும். சில இடங்கள் பிளக்கும். அவற்றைச் செப்பமிட்டு, அடியில் இழுத்து ஒட்டுவதற்கு வேண்டிய ஓரத்தையும் சேர்த்து மாதிரித் தாளை வெட்டுவர். இப்பணியிற் சிறந்த கைவினைஞர் கருதும் இலக்கணங்கள் சில உள.

முதலாவது, விரல்களுக்கு இடம். மிக நீண்ட விரலுக்கு அப்பால் ஒரு பெருவிரல் அகலம் வெளியிருத்தல் வேண்டும். விரல்களுக்கு மேலும் உயரம் வேண்டும். அன்றேல் நகமும் விரன்மூட்டும் தேயும்.

இரண்டாவது, பாதத்தை நிறுத்தும் கட்டு. சப்பாத்தைக் காலிற் பிடித்து வைக்க வேண்டியது விரல்களன்று, புறங்காலே. நாடாவோ பட்டியோ புறங்காலை அணைத்துக் குதியைப் பின்னே நிறுத்துமாயின், விரல்கள் முன்னே தாராளமாக அசையும். நாடாவின்றிக் காலை நுழைக்கும் சப்பாத்து, இறுக்கத்தினாலன்றிக் காலில் நில்லாது. எனவே சிறுவருக்கு நாடாவுடையதே ஏற்றது. நாடாத் துளைகள் உள்ள இரு மடல்களும் மேலே தைக்கப்பட்டு நன்கு திறப்பதாயின், உயர்ந்த புறங்காலும் வீங்கிய பாதமும் வருந்தாமல் உட்செல்லும்.

மூன்றாவது, குதி. குதியைச் சூழும் பகுதி உறுதியாக நின்று, குதி இருபுறமும் சாயாமற் காத்தல் வேண்டும். விளிம்போ கணுக்கால் எலும்பிற்குக் கீழே அடங்கி, பின்னரம்பை உராயாது மென்மையாக இருத்தல் வேண்டும். கோயிலிலும் வீட்டு வாசலிலும் நாளுக்குப் பன்முறை கழற்றி அணியும் நம் மாணவர், நாடாவை அவிழ்க்கச் சோம்பிப் பின்பகுதியை மிதித்து மடித்துவிடுகின்றனர். மடிந்த குதி பின்னர் எக்காலும் பாதத்தைத் தாங்காது. விரைவிற் கழற்றத்தக்க ஒட்டுப்பட்டி நம் வழக்கிற்கு மிகவும் இசையும்.

நான்காவது, பொருளும் தையலும். தோல் எத்திசையிலும் ஒரேயளவாக இழுபடாது. குறைவாக இழுபடும் திசை குதியிலிருந்து விரல்நோக்கிச் செல்லுமாறு வெட்டினால், சப்பாத்து நீளாது. அகலத்தில் மாத்திரம் பாதத்திற்கு இணங்கும். தோலும் கன்வஸ் துணியும் வியர்வையின் ஆவியை வெளியே விடும், றெக்சீன் விடாது. வன்னியின் கோடையில் றெக்சீனுக்குள் நாள் முழுதும் ஊறிய பாதத்தில் விரலிடுக்குப் புண் தோன்றுதல் இயல்பே. உள்ளே வரும் தையல்கள் எலும்பு புடைத்த இடங்களை விலக்கிச் செல்லல் வேண்டும்.

சிறுவரும் சப்பாத்தும்

வைத்தியர்களான உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்போர் இந்தியாவில் 4 முதல் 13 வயது வரையான 2300 சிறுவரின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து, 1992 இல் முடிவை வெளியிட்டனர். சப்பாத்து அணிந்தோரில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலுடன் திரிந்தோரில் 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. விரல்களை மூடிய சப்பாத்து அணிந்தோரிடையே அது மிகுதியாக இருந்தது. இதனைக் கொண்டு, பிள்ளைகளை வெறுங்காலுடன் விடலாம் என்று கொள்ளுதல் பொருந்தாது. கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியே உடலிற் புகும். முள்ளும் ஆணியும் கிரவல் வீதியின் கூர்ங்கற்களும் காத்திருக்கும். பாடசாலைக்குச் சப்பாத்து வேண்டும். வீட்டு முற்றத்திலும் மணலிலும் வெறுங்கால் விளையாட்டும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறத்தக்க பாடம்.

பாடசாலைப் பருவத்தில் பாதம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஓர் இலக்கம் வளரும். வருடத் தொடக்கத்தில் வாங்கிய சப்பாத்து ஆண்டு முடிவிற் சிறுத்துவிடுதல் இதனாலேயாம். தமையனின் சப்பாத்தைத் தம்பி அணிவதும் நம் வீடுகளிற் கண்டதே. வறுமை அதற்குக் காரணமாயின் குறைகூறுதல் முறையன்று. ஆயினும் பழைய சப்பாத்துத் தமையனின் பாதத்திற்கு வளைந்திருக்குமாதலால், குதி சாய்ந்ததும் உள்ளடி பள்ளமானதுமான சப்பாத்தைத் தம்பிக்குக் கொடாதிருத்தல் நன்று.

உணர்விழந்த பாதம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946 இல் வந்த வைத்தியர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவது ஏன் என ஆராய்ந்தார். நோய் தசையைத் தின்பதாலன்று, நோவை உணரும் ஆற்றல் அழிவதாலேயே அவை சிதைகின்றன என்று கண்டார். ஆணி குத்தினும் அறியார். கொப்புளம் எழினும் அதன்மேலேயே நடப்பர். அவரும் அவர்தம் துணைவரும் மென்மையான நுண்துளை இறப்பரில் மிதியடி செய்வித்து, பாதப் புண்களைத் தடுக்கும் வழி வகுத்தனர். அன்று தொழுநோயாளருக்காகக் கண்ட அதே அறிவு, இன்று உலகெங்கும் நீரிழிவாளரின் பாதங்களைக் காக்கின்றது.

நீரிழிவு நீடித்தவர்களுட் பலருக்குப் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. இறுகிய சப்பாத்துக் கடித்தாலும் அவர்களுக்கு நோவாது. இறுக்கமே நல்ல பொருத்தம் என்றுகூட எண்ணுவர். ஆதலின் அவர்களுடைய சப்பாத்தின் மேற்பாகம் ஆழமுடையதாய், விரல்களுக்கு மேலே வன்முகப்பு அற்றதாய், உள்ளே தையல் புடைக்காததாய், பட்டியால் தளர்த்தத்தக்கதாய் அமைதல் வேண்டும். நாம் பாட்டா என வழங்கும் இறப்பர்ச் செருப்பு அவர்களுக்கு உகந்ததன்று. அதன் நடுக்குமிழ் விரலிடுக்கைப் புண்ணாக்கும். செருப்புக் காலை விட்டு நழுவினும் அவர் அறியார். குதியை அணைக்கும் பின்பட்டியுள்ள செருப்பே ஏற்றது. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ கதிர்காமப் பாதயாத்திரைக்கோ வெறுங்காலுடன் செல்ல விரும்பும் நீரிழிவாளர், முன்னதாகத் தம் பாதத்தின் உணர்வை வைத்தியசாலையிற் சோதித்துக்கொள்ளல் வேண்டும். நண்பகல் மணலின் வெப்பம் மரத்த பாதத்தைச் சுட்டதை இரவிலேயே அறிந்தோர் உளர். பாதத்தைப் பேணுதல் பக்திக் குறைவாகாது.

ஒரு காலை இழந்தோருக்கு எஞ்சிய பாதம் இருமடங்கு அரியது. 1968 அளவில் ஜெய்ப்பூரில் வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் இராம சந்திர சர்மாவும் உருவாக்கிய செயற்கைப் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தியிருக்கவும் இடந்தந்து நம் வாழ்க்கை முறைக்கு இசைந்தது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தால் நடைபெற்றோர் பலர். அத்தகையோர் சப்பாத்து மாற்றும்போது குதியின் உயரம் முன்னையதை ஒத்திருத்தல் வேண்டும். உயரம் மாறின் செயற்கைக்காலின் சாய்வும் மாறும். அதன் சுமை நல்ல காலிலேயே விழும்.

நாம் செய்யத்தக்கவை

சப்பாத்தைப் பிற்பகலில் வாங்குக. இரு பாதங்களையும் நின்ற நிலையில் அளந்து, பெரியதற்கேற்ப வாங்குக. ஒரு தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, கோட்டின்வழி வெட்டி, அதனைச் சப்பாத்தினுள் இடுக. தாளின் ஓரம் மடியுமாயின் அச்சப்பாத்து ஒடுக்கமானது. நீரிழிவாளர் அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க. இரவில் இரு பாதங்களையும் விளக்கொளியிற் பார்க்க. உள்ளங்கால் தெரியாவிடின் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்க.

கல்லூரியின் பழைய மாணவர்கள் உள்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருந்து பிள்ளைகளுக்குச் சப்பாத்து வழங்கி வருவது போற்றற்குரியது. அக்கொடை வகுப்பைப் பார்த்தோ வயதைப் பார்த்தோ அன்றி, ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் அளந்து வழங்கப்படுமாயின் இரட்டிப்புப் பயன் தரும். தவணை தோறும் பாத அளவைக் குறித்துவைக்க ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் போதும். அதனை மேல்வகுப்பு மாணவரே செய்யலாம். புண்ணோ வீக்கமோ உள்ள பிள்ளை செருப்புடன் வருமாயின், ஆசிரியர் சீருடை விதியைச் சற்றே தளர்த்துதலும் கல்வியின் ஒரு கூறே.

பல மைல் நடந்து கல்வி தேடியோர் வளர்த்த கல்லூரி இது. இனி நடக்கவிருக்கும் பிள்ளைகளின் பாதங்களும், நடந்து தளர்ந்த பெற்றோரின் பாதங்களும் நலமுற வாழ்க என வேண்டி அமைகின்றோம்.