ஊசிக்குள் இருக்கும் கொழுப்பு

புனேயின் ஹிஞ்சவாடி என்றால் நம்மூர்க்காரர்களுக்கு ஐ.டி. கம்பெனிகளும் டிராஃபிக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தியாவின் முதல் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி வந்ததும் அங்கிருந்துதான். எம்க்யூர் குழுமத்தின் ஜென்னோவா தயாரித்த ஜெம்கோவாக்-19க்கு 2022 ஜூனில் அவசரகால அனுமதி கிடைத்தது. சாதாரண ஃபிரிட்ஜிலேயே வைக்கலாம் என்பதைத்தான் அன்று எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டிய இன்னொன்றும் இருந்தது: ஆர்.என்.ஏ.வைச் சுமந்து செல்லும் கொழுப்புத் துகள்.

வெறும் ஆர்.என்.ஏ. உடம்புக்குள் போனால் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். ஃபைசர், மாடர்னா ஊசிகளில் அது கொழுப்புத் துகளின் உள்ளே பத்திரமாக இருக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வெளிப்பக்கம் பாலிஎத்திலீன் கிளைகால், சுருக்கமாக 'பெக்'. 2020இல் ஜென்னோவாவோடு கைகோத்த சியாட்டிலின் ஹெச்.டி.டி. பயோ வேறு வழியில் போனது. ஸ்குவாலீன் எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் ஆர்.என்.ஏ. ஒட்டிக்கொள்ளும், பெக் கிடையாது.

பெக் மீது சந்தேகம் விழுந்தது 2020 டிசம்பரில். பிரிட்டனில் ஃபைசர் ஊசி தொடங்கிய முதல் நாளிலேயே, ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள இரண்டு சுகாதாரப் பணியாளர்களுக்குக் கடும் பாதிப்பு. அமெரிக்காவில் முதல் 19 லட்சம் டோஸ்களில் 21 பேருக்கு அனஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை. பெரும்பாலோருக்கு 15 நிமிடங்களுக்குள்.

அந்த நிமிடங்களில் நடப்பது இதுதான். தோலிலும் மூச்சுக்குழாயிலும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் காத்திருக்கின்றன. அவற்றின் மேல் ஐ.ஜி.இ. எதிர்ப்புரதங்கள் பொருந்தியிருக்கும். ஒரே பொருள் அடுத்தடுத்த இரண்டு ஐ.ஜி.இ.களைப் பிணைத்தால் செல்லுக்குள் லின், சிக் என்ற நொதிகள் விழிக்கின்றன, கால்சியம் ஏறுகிறது, ஹிஸ்டமின் பைகள் திறந்து கொட்டுகின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சு இறுகுகிறது. தனித்த சிறு பெக் மூலக்கூறுக்கு அப்படிப் பிணைப்பது கடினம். மேலெல்லாம் பெக் முளைத்த துகளுக்கு எளிது.

ஐ.ஜி.இ.யே தேவைப்படாத குறுக்குவழியும் உண்டு. ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் துகளை அந்நியனாகக் கருதிக் கிளர்ந்தால் சி3ஏ, சி5ஏ என்ற துணுக்குகள் பிறந்து மாஸ்ட் செல்களை நேராகத் தூண்டும். ஹங்கேரியின் யானோஷ் செபெனி இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழியில் அடைத்த புற்றுநோய் மருந்தான டாக்ஸிலை முதல் முறை மெதுவாக ஏற்றுவது இத்தகைய எதிர்வினைக்குப் பயந்துதான்.

ஆனாலும் பெக்கைக் குற்றவாளி என்று தீர்ப்பெழுதியது அவசரம் என்பேன். முதல் டோஸில் ஒவ்வாமை கண்ட பலர், கண்காணிப்பில் இரண்டாவது டோஸைத் தாங்கிக்கொண்டார்கள். பெக் தோல் சோதனையும் பெரும்பாலோருக்கு எதையும் காட்டவில்லை.

2023இல் வந்த ஜென்னோவாவின் அடுத்த தடுப்பூசி ஜெம்கோவாக்-ஓஎம் ஊசியில்லாக் கருவியால் தோலுக்குள்ளேயே செலுத்தப்பட்டது. தோலோ மாஸ்ட் செல்கள் மண்டிக் கிடக்கும் இடம். அங்கே சுமக்கும் துகளின் குணம் சுமையின் குணத்துக்குச் சற்றும் குறைந்த விஷயமல்ல.

சுமக்கும் துகளின் குணத்தையே ஒவ்வாமைக்கு மருந்தாக்கவும் முயல்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஆந்த்ரே நெல் குழு, வேர்க்கடலைப் புரதத்தின் துணுக்குக்கான ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புத் துகளில் ஏற்றி எலிகளின் கல்லீரலுக்கு அனுப்பியது. கண்டதையெல்லாம் எதிர்க்காமல் சகித்துக்கொள்ளப் பழகிய உறுப்பு கல்லீரல். 2023இல் வெளியான அந்த ஆய்வில், பிறகு வேர்க்கடலைப் புரதம் கொடுத்தபோது அந்த எலிகளின் ஒவ்வாமை தணிந்திருந்தது.