நிறமும் அளவும்



எங்கள் அவிநாசி வட்டாரத்துச் சாயப்பட்டறைகளில் சிவப்புக்கு ஒரு சாயம், நீலத்துக்கு வேறொரு சாயம். நிறம் என்பது பொருளின் குணம் என்றே நானும் முப்பது ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தேன். அது முழு உண்மையன்று. காட்மியம் செலினைடு என்னும் ஒரே பொருளை ஏறத்தாழ 2 நானோமீட்டர் துகளாக்கினால் நீல ஒளி வீசுகிறது. 6 நானோமீட்டர் துகளாக்கினால் செவ்வொளி வீசுகிறது. தலைமயிரின் பருமனோ சுமார் 80,000 நானோமீட்டர்!

இதன் காரணம் யாது? இத்தகைய குறைகடத்தியின்மேல் ஒளி பட்டதும் ஓர் எலெக்ட்ரான் தன் நிலையினின்று மேலெழுகிறது. அது விட்டுச் சென்ற இடம் நேர்மின்னேற்றம் கொண்டதுபோல் நடந்துகொள்ளும்; அதற்குத் துளை என்று பெயர். எலெக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்த்து இணையாகத் திரிகின்றன. இவ்விணையே எக்ஸிட்டான். 1931-ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் பிரெங்கல் இக்கருத்தை வெளியிட்டார். இணை மீண்டும் ஒன்றிவிடும்போது ஒளி பிறக்கிறது.

காட்மியம் செலினைடுப் படிகத்தில் இவ்விணையின் ஆரம் சுமார் 5 நானோமீட்டர். துகள் அதனினும் சிறிதானால் இணை நெருக்குண்கிறது. எலெக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டல்லவா? வீணைத் தந்தியின் நீளத்தை விரலால் குறைத்தால் சுருதி ஏறுவதுபோல, இங்கும் ஆற்றல் ஏறுகிறது; ஒளி நீலத்தை நோக்கி நகர்கிறது. எகிமோவ் 1981-இல் கண்ணாடியிலும், புரூஸ் 1983-இல் திரவத்திலும் இதைக் கண்டனர். ஒரே அளவான துகள்களை ஆக்கும் முறையை பாவெண்டி 1993-இல் வகுத்தார். மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

கிரீஸில் கலக்கும் கரும்பொடியாகிய மாலிப்டினம் டைசல்பைடையும் சொல்ல வேண்டும். அதன் ஒற்றைப் படலம் நன்கு ஒளிர்வதை 2010-இல் கண்டறிந்தனர். கனத்த படிகத்தில் சூழ்ந்துள்ள பொருள் இணையின் ஈர்ப்பைத் தளர்த்தும். படலத்திலோ மின்புலம் பெரும்பாலும் வெளியே பரவுவதால் ஈர்ப்பு தளர்வதில்லை. அறையின் வெப்பத்திலும் இணை பிரியாது.

சாயத்துக்கு மாற்றாக இத்துகள்களைத் துணியில் ஏற்றலாமே என்றார் என் பழைய மாணவர் ஒருவர், பட்டறை வைத்திருப்பவர். நான் இசையவில்லை. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை நாம் மறப்போமா? காட்மியமோ சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. தொலைக்காட்சித் திரைகளில் அதற்கு மாற்றாக இந்தியம் பாஸ்பைடுத் துகள்களைப் பயன்படுத்துகின்றனர். அத்துகளும் பலமுறை துவைத்த துணியிலிருந்து கழன்று எங்கே சேரும் என்று கேட்டேன். அவர் இன்னும் விடை சொல்லவில்லை.